பென்னாவும் பெண்ணையும்

என்னை முதன்முதலில் பாட்டி என்று கூப்பிட்டவர் அவர்தான். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. படிப்பை முடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். திருக்கோவிலூரில் பஸ் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். கையில் தூக்குச்சட்டியும் தோளில் பையுமாக ஏறிய ஒரு அம்மாள், "அம்மாயி, கொஞ்சம் நவுந்து ஒக்காரு" என்றார்.

முன் சீட்டில் இருந்த சேலத்துப் பக்கத்துப் பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அந்தப் புள்ளையப் போயி அம்மாயிங்கறீங்களே. எங்கூர்ல அம்மாவப் பெத்தவங்களத்தானுங்க அம்மாயிம்போம்."

வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பார்கள். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்படியா? எங்க ஊர்ல அம்மாயின்னா சின்னப் பொண்ணு. அப்ப உங்க ஊர்ல சின்னப் பொண்ண இன்னான்னு கூப்புடுவாங்க?" என்று தொடங்கி, தியாகதுருகம் வரும்வரை அந்தப் பெண்ணை விடவில்லை. அத்தைக்கு என்ன பேர், கொழுந்தனுக்கு என்ன பேர், கத்தரிக்காய்க்கு வேறு பேர் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் தெரிந்தது, நான் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் அவர் வார்டு நர்ஸ் என்று.

எல்லோரும் அவரை நெல்லூரக்கா என்றுதான் கூப்பிட்டோம். வெள்ளைக் கோட்டின் மேல் பேர் எழுதிய பட்டை குத்தியிருப்பார். அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நெல்லூரம்மா என்பார்கள். பெரிய டாக்டர் மட்டும் 'சிஸ்டர்' என்பார். நானும் இங்கே அக்கா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அக்காவிடம் ஒரு வாசகம் இருந்தது. "பேரு ஒண்ணுன்னா ஆளு ஒண்ணா?" ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது அது வாயில் வந்துவிடும். மருந்துச் சீட்டில் 'செல்வி' என்று மட்டும் எழுதியிருந்தால் கவுண்டர்வரை வந்து, "எந்த செல்வி?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிப்போவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். இரண்டு லட்சுமிகள் ஒரே வார்டில் படுத்திருந்த நாளோடு அந்த எரிச்சல் போயிற்று.

ஒரு லட்சுமிக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிறையப் போயிருந்தது. இன்னொரு லட்சுமிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். இரண்டு பேருக்கும் ரத்தம் சொல்லியிருந்தார்கள். பை ஒன்று வந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் அதைப் பிரசவமான லட்சுமியின் தலைமாட்டில் மாட்டிவிட்டு ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். நான் மருந்து கொடுக்கப் போனவள் வாசலிலேயே நின்றிருந்தேன். அக்கா பின்னாலிருந்து வந்தார்.

"எந்த லட்சுமிக்கும்மா?"

"லட்சுமிதாங்க்கா. பேரு போட்டுருக்குது பாருங்க."

"பேரு ஒண்ணுன்னா ஆளு ஒண்ணா?" அக்கா படுத்திருந்தவளிடம் குனிந்தார். "ஏம்மா, உன் வூட்டுக்காரரு பேரு இன்னா?"

அவள் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரை மயக்கத்திலும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். மாமனார் பேர் கேட்டார். அதுவும் சொல்லவில்லை. "சாமி, ஊர் பேராவது சொல்லுடி!" என்று அக்கா கத்தியே விட்டார்.

"எலவனாசூர்கோட்டை."

பையில் ஒட்டியிருந்த சீட்டில் சங்கராபுரம் என்று இருந்தது. அக்கா பையைக் கழற்றினார். ரத்த வகையும் வேறு. அந்த நர்ஸ் பெண் சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "என்னையும் ஒரு பேரு ஏமாத்துச்சு. நானு ஒரு வருஷம் ஏமாந்தேன். நீ ஒரு நிமிஷம்தான ஏமாந்த" என்றார்.

சாயங்காலம் பஸ்ஸில், எந்தப் பேர் என்று கேட்டேன்.

"ஆத்துப் பேரு" என்றார்.

அக்காவின் வீட்டுக்காரர் திருக்கோவிலூர்க்காரர். மோட்டார் மெக்கானிக். வயசுப் பையனாக நெல்லூர்ப் பக்கம் போய், இறால் பண்ணைகளில் குட்டைத் தண்ணீரை அடித்துச் சுழற்றும் மோட்டார்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் விரலை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். தையல் போட்டவர் அக்கா. விரல் ஆறிய பிறகும் அவர் வந்துகொண்டே இருந்தார். பெண் கேட்டுப் போனபோது அக்காவின் அம்மா, "பாஷை தெரியாது, ஊர் தெரியாது, தண்ணி தெரியாது, எப்படி அனுப்புறது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அப்பா இல்லாத வீடு, ஒரே பெண். அப்போது அண்ணன் (அக்காவின் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சொன்னது இது: "தண்ணி தெரியாம இன்னா அத்தே? உங்க பென்னாதான் எங்க ஊர்லயும் ஓடுது. நாங்க பெண்ணைன்னு சொல்றோம், அவ்ளோதான்."

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிவாயிற்று.

"அம்மாயி, நீயே சொல்லு. நெல்லூரு கடலுக்குக் கிட்ட இருக்கு. அப்ப திருக்கோவிலூரு மேல இருக்கணும், தண்ணி இங்கேர்ந்து எங்கம்மாகிட்டப் போவணும். நானு அப்படித்தான் நெனச்சேன்." வந்த புதிதில் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மாமியார் பேசுவது சண்டையா கொஞ்சலா என்றுகூடப் புரியாது. வெள்ளிக்கிழமை தோறும் ஆற்றுக்குப் போய் வாழைமட்டையில் பூவும் மஞ்சளும் வைத்துத் தண்ணீரில் விடுவாராம். பிறகு அம்மாவுக்குப் போன் செய்து, பூ வந்ததா என்று கேட்பார். வந்தது என்பார் அம்மா. அழாமல் அடுத்த வெள்ளிக்கிழமைவரை ஓடிவிடும்.

அப்படி ஒரு வருஷம். ஐப்பசியில் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். திருக்கோவிலூரில் தரைப்பாலம் மூழ்கி, கரையெல்லாம் ஜனம். அக்கா பதறிப்போய் நெல்லூருக்குப் போன் போட்டார். "அம்மா, பெரிய வெள்ளம் வருது. சாமானெல்லாம் எடுத்து மேல வை, தம்பிய ஆத்துப் பக்கம் அனுப்பாத." அந்தப் பக்கம் அம்மா மெதுவாக, "இங்க காலு நனையற தண்ணிகூட இல்லம்மா. பசங்க ஆத்துல கிரிக்கெட் ஆடுறாங்க" என்றார்.

பக்கத்தில் நின்ற யாரையோ கேட்ட பிறகுதான் தெரிந்தது. இந்த ஆறு கடலூர்ப் பக்கம் போய்க் கடலில் சேருகிறது. நெல்லூருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"அப்ப பூ வந்துச்சுன்னு ஏன் சொன்னாங்க உங்கம்மா?" என்றேன்.

"கேட்டேனே. 'பூ வந்துச்சுதான். யாரு விட்டதுன்னு பூவுலயா எழுதியிருக்கு?' அப்படின்னாங்க." அக்கா சிரித்தார். பஸ் ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல்கள் போய்க்கொண்டிருந்தன. சிரிப்பு நின்ற பிறகு, "அம்மா பரவால்ல. இவரு தெரிஞ்சு சொன்னாரா, தெரியாம சொன்னாரா? அதுதான் எனக்குத் தெரியணும். எப்ப கேட்டாலும் மோட்டாருக்குள்ள தலைய விட்டுக்கறாரு" என்றார்.

அண்ணனை எனக்குத் தெரியும். திருக்கோவிலூர்க் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். அக்கா அந்த வெள்ளத்துக்குப் பிறகு அவரோடு ஒரு மாதம் பேசவில்லை என்று தெருவில் சொல்வார்கள். சமைத்துப் போடுவாராம், பேச மட்டும் மாட்டாராம். அப்புறம் பேசினார், பிள்ளை பெற்றார், தமிழில் சண்டைபோடக் கற்றுக்கொண்டார். அந்தக் கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அதிலிருந்து வந்ததுதான் அக்காவின் விசாரணை. இரண்டு ஆறு எப்படி ஒரே பேரை வைத்துக்கொள்ளும்? யாரோ ஒருவர் மற்றவரிடமிருந்து எடுத்திருக்க வேண்டும். யார்? வேறு ஊர்க்காரரோ வேறு பாஷைக்காரரோ கிடைத்தால் போதும், நாடி பிடித்துக்கொண்டே, "எங்க ஆத்துக்கு உங்க பக்கம் இன்னா பேரு?" என்பார்.

எங்கள் மருந்துக் கவுண்டரை நடத்தியவர் கள்ளக்குறிச்சி பாய் ஒருவர். நிறையப் படிப்பவர். "பெண்ணைன்னா பழைய தமிழ்ல பனைமரம்மா. கரை பூரா பனையா நின்னிருக்கும், அதான் பேரு" என்று அவர் சொன்னார். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. அடுத்த வாரமே சர்க்கரை நோய்க்குக் காட்ட வந்த ஒரு குருக்கள், "அதெல்லாம் இல்லம்மா. அது பினாகினி. பினாகம்னா பரமசிவன் கையில இருக்கிற வில்லு. வில்லாட்டம் வளைஞ்சு ஓடறதால பினாகினி. அதுதான் மருவிப் பெண்ணைன்னு ஆயிடுத்து" என்றார். வார்டு பெருக்கும் அம்மாள் விளக்குமாற்றை நிறுத்தி, "பொன்னு மாதிரி வண்டலு அடிச்சிக்கினு வருது. அதான் பொன்னையாறு" என்று தன் பங்குக்குச் சொன்னார்.

அக்கா பாயிடம் திரும்பி வந்தார். "பனை நேரா நிக்குது. வில்லு வளையுது. பொன்னு நிக்கவும் இல்ல, வளையவும் இல்ல. மூணும் எப்படி பாய் ஒரே பேராவும்?"

பாய் சிரித்தார். "ஒருத்தர் வாயில வர்றது இன்னொருத்தர் காதுல வேற மாதிரிதாம்மா விழும். விழுந்ததுக்கு அவங்க பாஷையில ஒரு அர்த்தம் சொல்லிக்குவாங்க. எங்க அத்தா பேர மூணு ஆபீஸ்ல மூணு மாதிரி எழுதி வச்சிருக்காங்க. மூணும் அத்தாதான்."

"அத்தா ஒருத்தருதான பாய். இங்க ஆறு ரெண்டாச்சே."

பாய் மாத்திரை எண்ணப் போய்விட்டார்.

கல்வராயன் மலைக்கு ஆஸ்பத்திரி சார்பில் கேம்ப் போகும்போதும் அக்கா விடவில்லை. ஒரு மலைக்கிராமத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடை சத்தம் கேட்டது. எதிரில் இருந்த பெண்ணிடம், "இந்த ஆத்துக்கு இன்னா பேரும்மா?" என்றார்.

"ஆறுதான்."

"பேரு, பேரு."

"ஒரு ஆறுதானே இருக்குது. அதுக்கு எதுக்குப் பேரு?" அந்தப் பெண் உண்மையாகவே புரியாமல் கேட்டாள். "ரெண்டு இருந்தாத்தான் பேரு வெக்கணும்."

அக்கா பம்பை அழுத்துவதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் இறங்கும்போது முழுக்க, "குடுத்து வெச்சவ, குடுத்து வெச்சவ" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

விடை ஒரு லாரியில் வந்தது. சேலம் ரோட்டில் கவிழ்ந்த லாரியின் டிரைவர், கால் முறிந்து எங்களிடம் படுத்திருந்தார். கன்னடக்காரர், சிக்கபள்ளாபூர்ப் பக்கம். தமிழ் அரைகுறையாக வரும். கட்டு மாற்றும்போது அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யாவ நதி? இங்க ஓடுறதா? அது தட்சிண பினாகினி" என்றார் அவர். "நம்ம ஊர்லேர்ந்துதான் வர்றது."

"தட்சிணன்னா தெற்கு. அப்ப வடக்கு ஒண்ணு இருக்கா?"

"இருக்கே. உத்தர பினாகினி. அது ஆந்திராவுக்கு ஹோகுது. நெல்லூரு."

அக்கா கையிலிருந்த பஞ்சை வைத்துவிட்டார். "ரெண்டும் எங்க பொறக்குது?"

"நந்தி பெட்டா, நந்தி மலை இருக்கில்ல, அந்தச் சுத்துலதான். ஒண்ணு அந்தப் பக்கம் போவுது, இன்னொண்ணு இந்தப் பக்கம் வருது."

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நோயாளியின் கட்டிலில் நர்ஸ் உட்காரக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்பவர் அவர். "அக்கா தங்கச்சியா?" என்றார். டிரைவருக்கு அது புரிந்ததோ என்னவோ, தலையை ஆட்டினார். பிறகு, "அம்மா, காலு... காலு..." என்று முனகினார். அக்கா அவர் முறிந்த காலின் பக்கத்தில் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

அன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அக்கா, "அப்ப அவரு சொன்னது முழுப் பொய்யும் இல்ல" என்றார். "முழு நெசமும் இல்ல. இது போதாது."

அதற்கடுத்த வருஷம் நெல்லூரில் அக்காவின் அம்மா இறந்துபோனார். தகவல் வந்து, ரயில் பிடித்துப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். அக்கா முகம் பார்க்கவில்லை. அஸ்தியைப் பென்னாவில் கரைத்தபோது தம்பி கொஞ்சம் எடுத்துத் துணியில் முடிந்து அக்காவிடம் கொடுத்தார். "நீ எங்க வேணாலும் கரைச்சுக்கோ" என்றார். அதைக் கைக்குழந்தையைப் போலக் கூடவே வைத்துக்கொண்டு அக்கா ஊர் வந்து சேர்ந்தார்.

"நந்தி மலைக்குப் போறோம். நீயும் வா" என்று என்னிடம் சொன்னார். அக்கா, அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். பெங்களூர் போய், அங்கிருந்து மலை பஸ். உச்சியில் மேகம் முகத்தில் இடித்துக்கொண்டு போனது. காதல் ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு எங்கே பிறக்கிறது என்று அக்கா வேர்க்கடலை விற்பவரைக் கேட்டார். அவர் கிழக்கே கை காட்டினார். கோயில் வாசலில் இருந்தவர், இங்கே இல்லை, அதோ தெரிகிறதே அந்த மலை என்று வடக்கே காட்டினார். இன்னொருவர் குளத்தைக் காட்டினார். எங்கும் ஒரு சொட்டு ஓடவில்லை. பாறையில் ஈரம் மட்டும் இருந்தது.

அக்கா பாறை விளிம்புவரை போய்க் கீழே எட்டிப்பார்த்தார். முடிச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டார்.

"வேணாம். எங்கம்மா மாடிப்படி ஏறுனாலே கண்ண மூடிக்குவாங்க. இவ்ளோ ஒசரத்துல உட்டுட்டு வரக்கூடாது."

மலையிறங்கும் பஸ்ஸில் அண்ணன் பேசினார். யாரும் கேட்காமலே பேசினார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு நெசமாத்தான் தெரியாது. பேரு ஒண்ணா கீதே, ஆறும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன். உன்னக் கூட்டிக்கினு வந்த வாரமே எங்கப்பா சொல்லிட்டாரு, டேய் கிறுக்கா, அது வேற இது வேறன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. உங்கம்மாவுக்குத்தான் போன் போட்டேன். தப்பாச் சொல்லிட்டேன் அத்தே, மன்னிச்சிடுங்கன்னேன்."

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கதான் சொன்னாங்க. அவ பூ விட்டுக்கினு அழுவாம கீறா இல்ல, அது போதும். நான் இருக்கற வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாதுன்னு. சத்தியம் வாங்கிக்கினாங்க."

வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. அக்கா திட்டுவார், அல்லது அழுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "அம்மா தெலுங்குலதான பேசுனாங்க. உனக்கு அப்பவே அவ்ளோ தெலுங்கு தெரியுமா?"

"பாதிதான் புரிஞ்சுது. மீதிய அவங்க அழுததுல புரிஞ்சிக்கினேன்."

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதார். அண்ணனின் தோளில் சாய்ந்து, சத்தமாக, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதார்.

இப்போது அவர்கள் ஓசூரில் மகளோடு இருக்கிறார்கள். அண்ணன் கடையை விட்டாயிற்று. எப்போதாவது அக்கா போனில் பேசுவார். நான் இன்னும் அதே கவுண்டரில்தான் இருக்கிறேன். பாய் போய், அவர் மகன் வந்துவிட்டார். அக்காவை நினைத்தால் எனக்கு நந்தி மலை வருவதில்லை. அதற்கப்புறம் வந்த கார்த்திகை மாதத்தில், திருக்கோவிலூர் ஆற்றில் தண்ணீர் வந்த அன்று நடந்ததுதான் வருகிறது.

மலையிலிருந்து வந்த பிறகு அக்கா முடிச்சை வீட்டில் சாமி படத்தருகே வைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்தார். கோடை முழுக்க ஆறு மணலாய்க் கிடந்தது. அணை திறந்த செய்தி வந்ததும் எனக்குத்தான் முதலில் போன். காலையில் போனோம். செம்மண் நிறத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் மூன்று படிதான் வெளியே தெரிந்தது. கடைசிப் படியில் அக்கா இறங்கி நின்றார். அண்ணன் பின்னால் நின்று அக்காவின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்.

அக்கா குனிந்து முடிச்சை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். உடனே போய்விட்டது. பிறகு நிமிர்ந்து, போகிற தண்ணீரைப் பார்த்துத் தெலுங்கில் பேசினார். இத்தனை வருஷம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில் எனக்கும் அந்த அளவுக்குப் புரிந்தது.

"அம்மா, இதி மன பென்னா காது. காதம்மா. கானி, நேனு பதிகேதி இக்கடே."

அம்மா, இது நம்ம பென்னா இல்லை. இல்லைம்மா. ஆனால், நான் வாழறது இங்கேதான்.

சொல்லிவிட்டுச் சற்று நின்றார். வெள்ளத்தின் இரைச்சல் காதை அடைத்தது. அம்மாவுக்குக் கேட்டிருக்குமோ இருக்காதோ என்று நினைத்தவரைப் போல, கைகளை வாயின் இருபுறமும் குவித்து, இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.